பொறி எண் பதினான்கு

ஐந்தரை மணி. இருட்டு இன்னும்
நாணலை விட்டு எழுந்து போகவில்லை.
ரைனௌ படகின் மோட்டாரை அணைக்கிறாள்.
கடைசி இருபது கஜம் துடுப்பால்தான்.
சத்தம் கேட்டு ஓடிவிடும் என்பதற்காக அல்ல,
அது ஏற்கெனவே பொறிக்குள் இருக்கிறது
அல்லது இல்லை.
அவளுக்கு அந்த இருபது கஜம் வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ரீஸ்லாந்து. ஏரி நடுவே ஒரு நாணல் திட்டு.
நாற்பது அலுமினியப் பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி வைக்கோல், ஒரு துண்டு கேரட்,
இரவுக் குளிரில் செத்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஓட்ஸ்.

ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை காலி.
ஒன்பதில் மட்டும் ஒரு நத்தை, கேரட்டின் மேல்,
முன்பணம் கொடுத்துக் குடிவந்ததுபோல.

பதினான்கு கனக்கிறது.

துணிப்பையில் கவிழ்க்கிறாள்.
தராசுக் கொக்கியில் தொங்குகிறது
முப்பத்தெட்டு கிராம் கோபம்.
குட்டை வால், மயிருக்குள் புதைந்த காது.
பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது
கூடப் போகாமல் தங்கிவிட்ட சாதி.
வோல் என்பார்கள். எலிக்கு உறவுதான்,
ஆனால் எலி என்றால் ரைனௌ திருத்துவாள்.

அதன் வளையை நேற்றே காட்டினாள்:
கோரைத் தூருக்கு அடியில், ஒரு சாண்கூட இல்லை.
விரலை விட்டால் நுனி நனைகிறது.
அதற்குக் கீழே தோண்ட மண் இல்லை.
ஏரி ஏறும் மாதங்களில் வளை மூழ்கும்.
அது தூரின் உச்சிக்குப் போய்
புல்லைக் கிழித்துக் கூடு பின்னும்.
தண்ணீர் இறங்கும். மறுபடி தோண்டும்.

படிவத்தில் ஒரு கட்டம்: விரும்பும் வாழிடம்.
ஈரம், நாணல், நிலையற்ற நீர்மட்டம் என்று
பத்து வருஷமாக எழுதி வந்திருக்கிறாள்.
அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: பிடித்த இடம்.
எங்கள் மொழியில் இன்னோர் அர்த்தமும் உண்டு,
அகப்பட்ட இடம் என்று விளக்கினேன்.
அவள் சிரிக்கவில்லை.

மேற்கே ஒரு தீவில், வேறு வோல் எதுவும் இல்லாத காலத்தில்,
இதே பிராணி மணல்மேட்டில் இருந்ததாம்.
உருளைக்கிழங்கு வயலின் வரப்பில், சாலையோரத்தில்,
கல்லறைத் தோட்டத்துச் சுவரடியில்,
கால் நனையாத இடமெல்லாம்
ஆழ ஆழமாக வளை போட்டுக்கொண்டு.
பிறகு படகில் வந்த வைக்கோலோடோ என்னவோ
வயல் வோல் வந்து இறங்கியது.
பெரிய சண்டை ஒன்றும் இல்லை.
ஒரு கோடைக்கு ஒரு வரப்பு, அப்படித்தான் போனது.
இப்போது சதுப்பில் தேடினால் கிடைக்கும்.
அங்கேயும் ஒருவர் குனிந்து எழுதுவார், ஈரம் என்று.

எதிர்க்கரையில் ட்யாலிங்கின் படகுவீட்டில் விளக்கு.
நாணல் அறுப்பவர். ஜன்னலில் கெட்டில் ஆவி.
தண்ணீர்மேல் வாழ ஆசைப்பட்டு வந்தீர்களா என்று
முதல்நாள் கேட்டுவிட்டேன், சுற்றுலாக்காரன் மாதிரி.
லேவார்டனில் வீட்டு விலை தெரியுமா, என்றார்.
பிறகு, ரொம்ப நேரம் கழித்து,
வாத்துகளிடம் சொல்வதுபோல:
இப்போதெல்லாம் கரையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

அடுத்த வருஷம் நீர்வாரியம்
மட்டத்தை நிலைநிறுத்தப் போகிறது.
கோடைக்கும் குளிருக்கும் ஒரே கோடு. மாடுகளுக்கு நல்லது.
திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு நாக்கு நிலம் காயும்.
வயல் வோலுக்கு நீந்தத் தெரியாதென்றில்லை.
நடக்க வழியிருந்தால் நடந்தே வரும்.

ரைனௌ கட்டத்தை வெறுமனே விட்டாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
பையின் வாயைக் கோரைக்கு நேரே தளர்த்தினாள்.
அது வளைக்குப் போகவில்லை.
நேராகத் தண்ணீருக்குள்.
ஒரு கோடு குமிழி. ஒரு நாணல் தண்டு ஆடியது,
அப்புறம் பக்கத்துத் தண்டு.

கையுறையில் இரண்டு பல் ஓட்டை.
அதன் வழியே உள்ளே வந்த ஈரத்தை
முகர்ந்து பார்த்தாள், ஏனோ.
பதினைந்தைத் திறந்தாள்.